வாடாத வாடிக்கையாளர்

குளிக்கப் போன கண்ணாடிக்கடைக்காரர், போன வேகத்திலேயே தோளில் துண்டோடு திரும்பி வந்தார்.

"வாளியில என்னது?"

"லில்லி," என்றாள் மனைவி, சாப்பாட்டு மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இன்னொரு வாளியில?"

"அதுவும் லில்லிதான். அது ரோஸ் கலர் ஏறணும், இது ஊதா ஏறணும். ரெண்டையும் ஒண்ணா போட முடியுமா?"

"அப்போ நான் எதுல குளிக்கறது?"

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கோங்க. சாயம் ஊறட்டும்."

"ஒன்பதரைக்குக் கடை திறக்கணும்மா."

"சமையலறைக் குழாயில தலையை மட்டும் காட்டிட்டுப் போங்க. மூக்குக்கண்ணாடி வாங்க வர்றவங்க உங்க முதுகையா பாக்கப் போறாங்க?"

தலையை மட்டும் காட்டிவிட்டு வந்து, கூடத்தில் நின்றபடி மின்விசிறியின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஃபேன் போடாதீங்க! இதழ் பறந்துடும்!"

நீட்டிய கை அப்படியே தலைக்குப் போய், ஈர முடியைக் கோதிக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் ஒட்டுவதற்குக் காத்திருந்த இதழ்கள் இருநூறு இருக்கும். பக்கத்தில் கம்பிச் சுருள், பச்சை டேப், சுடச்சுடப் பசை கக்கும் குளூ கன். அவருடைய காலைச் சாப்பாடு நாற்காலியின் மேல் இருந்தது. அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவருடைய மனைவி ரயில் நிலைய விசாரணைக் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பட்டுப்பூ வகுப்பில் சேர்ந்தாள். அதை நடத்துகிற அம்மாளை எல்லோரும் பூ டீச்சர் என்பார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அந்த அம்மாளை நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலேயே தினமும் காலையில் மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்.

பூவில் அவருக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. உலகத்தில் பூ என்றால் மூன்று நாளில் வாடும், நாலாம் நாள் தூக்கிப் போடலாம். அதுதான் பூவுக்கு அழகு. இந்தப் பட்டுப்பூ வாடுவதில்லை. நம்மைத்தான் வாட்டுகிறது. வந்தது வந்த இடத்திலேயே இருக்கும். நாளைக்கு இன்னொன்று வரும். போதாக்குறைக்குத் தூசி. வாரத்தில் ஆறு நாள் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணாடியைத் துடைக்கிற மனிதர், ஏழாம் நாள் வீட்டில் உட்கார்ந்து சின்னத் தூரிகையால் ரோஜாவின் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாது. முந்தின வருஷம் அவள் விடுமுறை நாட்களில் ஓவியம் வரைந்தாள். வரைந்ததைக் கொண்டுவந்து காட்டியபோது, "இது குதிரையா, சோபாவா?" என்று கேட்டுவிட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினோரு நாள் வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. தூரிகைகள் பரணுக்குப் போயின. அவளுடைய முகம் அன்று விழுந்த விதம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் முதல் பட்டு ரோஜாவை அவள் கொண்டுவந்து நீட்டியபோது, வாயை ரொம்பக் கவனமாகத் திறந்தார்.

"அடேயப்பா! அசல் ரோஜா இதுகிட்ட தோத்துடும்!"

அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அன்று காலை கடையைத் திறந்ததும் பக்கத்துக் கடைக்குப் போனார். பக்கத்துக் கடை சாவி வெட்டுகிற கடை. ஆறடிக்கு நாலடி இடத்தில், நாலு சுவரிலும் சாவிகள் தொங்க, நடுவில் சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். எட்டு வருஷப் பழக்கம்.

"எனக்கு ஒரு உதவி செய்யணும். எங்க வீட்டுக்குப் போயி, பூச்சாடி ஒண்ணு விலைக்கு வேணும்னு கேளு. காசு நான் தர்றேன்."

"எனக்கு எதுக்குண்ணே பூச்சாடி? சாவி மாட்டவே இடமில்ல."

"உனக்கில்லப்பா. வாங்கி எங்கிட்ட குடுத்துடு."

"உங்க வீட்டுப் பூவை உங்க காசுல நான் வாங்கி உங்ககிட்டயே குடுக்கணுமா?"

"ஒண்ணு வெளிய போனா எனக்குச் சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைக்கும். அவ மனசும் நோகாது. புரியுதா?"

சாவிக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் போனார். பெரிய வெள்ளை லில்லி ஜாடி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கண் பரிசோதனை அறைக்குப் பின்னால் ஃபிரேம் பெட்டிகள் வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஜாடி அங்கே போனது.

சாயங்காலம் வீட்டில் மனைவி ஒரு மாதிரியாக உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்துக் கடைக்காரர் வந்தாருங்க. பூச்சாடி வேணும்னு வாங்கிட்டுப் போனாரு."

"அப்படியா!" என்று கண்ணாடிக்கடைக்காரர் தம்மால் முடிந்த அளவு ஆச்சரியப்பட்டார்.

"நான் இந்த வாரத்தோட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த வாரத்தோட?"

"ஒண்ணுமில்ல. சரி விடுங்க. ஒருத்தர் தேடி வந்து கேக்கறாரே."

மறுநாள் சாயங்காலம் லில்லி ஜாடி இருந்த இடத்தில் மூன்று புது ஜாடிகள் இருந்தன.

ஒன்று வாங்கியது போதவில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் கணக்குப் போட்டார். அவள் செய்கிற வேகத்தைவிட இவர் வாங்குகிற வேகம் அதிகமாக இருந்தால் ஒருநாள் வீடு காலியாகித்தானே ஆக வேண்டும்? சாவிக்காரர் வாரம் இரண்டு தடவை போனார். தங்கச்சி வீட்டுக்கு என்றார், மச்சான் ஆபீசுக்கு என்றார், மச்சானுடைய மேனேஜருக்கு என்றார். இல்லாத தங்கச்சிக்கு ஒரு வீடும் அந்த வீட்டுக்கு ஐந்து அறையும் கட்டிக்கொடுத்தார். பின்னறையிலிருந்து ஃபிரேம் பெட்டிகள் வெளியே வந்தன. பூக்கள் உள்ளே போயின.

"அண்ணே, காதுல பூ சுத்தறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் சாவிக்காரர், பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு. "இப்படிக் கடை முழுக்க சுத்தி இப்பத்தான் பாக்கறேன்."

"நீ வேற. கதவைச் சாத்து."

கதவு சாத்திக்கொள்ளவில்லை. ஆர்க்கிட் ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, புதுக் கண்ணாடி வாங்கிப்போக வந்த பெரியவர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது, பூப்பூவா தெரியுது?"

"பூவா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், முதுகால் கதவை மறைத்துக்கொண்டு. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே."

"இல்லீங்க, உங்க தோளுக்குப் பின்னால. ஊதாவா, ரோஸா..."

"பவர் கொஞ்சம் கூடிப்போச்சு போல. குடுங்க, குறைச்சுத் தர்றேன்."

பெரியவர் பயந்துபோய்க் கழற்றிக் கொடுத்தார். வேறு லென்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருஷத் தொழிலில், சரியாகத் தெரிந்த கண்ணைத் தெரியவில்லை என்று அவர் சொன்னது இதுவே முதல் தடவை.

வீட்டிலோ மனைவியின் போக்கே மாறியிருந்தது. ஒருநாள் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எந்த கலர் ரொம்பப் பிடிக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

பேச்சு முடிந்தால் போதும் என்று, "ஊதா" என்று சொல்லிவைத்தார். அடுத்த பத்து நாளும் வீட்டில் ஊதாவைத் தவிர வேறு நிறமே இல்லை. வாளி ஊதா, அவருடைய துண்டு ஊதா, குளித்துவிட்டு வந்தால் முழங்கை வரைக்கும் அவரும் ஊதா.

இனி வாங்கி மாளாது, குறை சொன்னால்தான் நிற்கும் என்று முடிவு செய்தார். தாம் சொன்னால்தானே வம்பு? வாடிக்கையாளர் சொல்லட்டும்.

"நானா?" என்றார் சாவிக்காரர். "அண்ணி முகத்தைப் பாத்துக் குறை சொல்லணுமா? என்னால ஆகாது."

"ஒரே ஒரு வரி. 'முன்ன மாதிரி இல்ல'ன்னு சொல்லிட்டு வந்துடு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதே."

சாவிக்காரர் ஒரு வரி சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்று வேலையே ஓடவில்லை. குதிரையும் சோபாவும் நினைவுக்கு வந்தன. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். கண்கள் லேசாகச் சிவந்திருந்தன.

"முன்ன மாதிரி இல்லையாம்."

"அப்படியா சொன்னான்? போகட்டும், விடு. நீ ஏன் கஷ்டப்படறே? பேசாம..."

"இல்லீங்க. குறை என் பேர்லதான். இஷ்டமில்லாம செஞ்சா கையில தெரியத்தானே செய்யும்?" என்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். "டீச்சர்கிட்ட கேட்டேன். மேல் வகுப்பு ஒண்ணு இருக்காம். சேந்துட்டேன். இனி வாரத்துல அஞ்சு நாள்."

கண்ணாடிக்கடைக்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை ஜாடியில் அடங்குகிறவை அல்ல. சுவரில் படரும் கொடி, கூரையிலிருந்து தொங்கும் சரம், ஆளுயரத்துக்கு நிற்கும் கொத்து. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் கார்னேஷன் புதருக்குள்ளிருந்து வாசித்தார். அலமாரிக் கதவு அரையடிக்கு மேல் திறக்கவில்லை. அந்த அரையடியில் கைக்கு எட்டிய சட்டையைத்தான் அவர் தினமும் போட்டுக்கொண்டு போனார். தொடர்ந்து நாலு நாள் அதே கட்டம் போட்ட சட்டையைப் பார்த்த சாவிக்காரர், "அண்ணே, துணியெல்லாம்கூட வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "அவளால செய்யவே முடியாத ஒண்ணைக் கேளு. அவளே கையெடுத்துக் கும்பிட்டு, என்னால ஆகாதுன்னு சொல்லணும்."

"என்ன கேக்கறது?"

"மண்டப வாசல்ல வைக்கற பூ வளைவு. ஏழடி உயரம், ஆறடி அகலம். ரெண்டாயிரம் பூ. பத்தே நாள்."

"யாருக்குன்னு சொல்ல?"

"உன் மச்சானோட மேனேஜருக்கு மேல யாராவது இருப்பான்ல, அவனுக்கு."

அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் உற்சாகமாகவே வீட்டுக்குப் போனார். மனைவி மேசையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளூ கன் அணைந்து கிடந்தது. அந்தக் காட்சியே அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"ஏழடி வளைவு கேக்கறாருங்க. ரெண்டாயிரம் பூவாம். பத்து நாள்ல."

"ரெண்டாயிரமா!"

"முடியாதுன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணையே பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் மூன்று மாதமாகப் பாடுபட்டார். "சொல்லிடு" என்ற ஒரு வார்த்தை போதும். தொண்டை வரை வந்தும்விட்டது. ஆனால் எதிரே அந்த முகம். களைத்துப்போய், அவருடைய பதிலுக்காக நிமிர்ந்திருந்த முகம். அது விழுந்துவிடுமோ என்று பயந்த வாய், அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"உன்னால முடியாததா? நீ நினைச்சா நாலாயிரம் செய்வே."

மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு கையை நீட்டி குளூ கன்னைச் சொருகினாள்.

"அப்போ நீங்க காம்புக்கு டேப் சுத்துங்க."

இரண்டாயிரம் காம்புகளுக்கு டேப் சுற்றினார். நடுவில் குளூ கன்னை எடுத்துக் கொடுத்ததில் முதல் நாள் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார், மூன்றாம் நாள் ஆள்காட்டி விரலை. கடையில் விரல் இரண்டிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திருகாணி முடுக்கினார். வளைவு படுக்கையறையில் வளர்ந்தது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோரமாகச் சாத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் பாய் விரித்தார்கள், மின்விசிறி இல்லாமல். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார். அவர் பெருமூச்சு விடும்போதெல்லாம் அவள், "இன்னும் கொஞ்சம்தாங்க, முடிஞ்சிடும்" என்று தேற்றினாள்.

பத்தாம் நாள் காலை சின்ன வேன் ஒன்றில் வளைவு நாலு துண்டாகப் போய்ச் சாவிக்கடை வாசலில் இறங்கியது. சாவிக்காரர் தம் ஆறடிக்கு நாலடிக் கடையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, இதை உள்ள வெச்சா நான் வெளிய நிக்கணும். நான் உள்ள இருந்தா இது வெளிய நிக்கணும்."

பின்னறையில் எலிகூட நுழைய இடமில்லை. வளைவைத் தாங்குகிற அகலம் கடையில் ஒரே ஒரு சுவருக்குத்தான் இருந்தது. கண் பரிசோதனை செய்கிற எழுத்துப் பலகை மாட்டிய சுவர். நாலு துண்டையும் அங்கே நிமிர்த்தி முடுக்கி நிறுத்தினார்கள். பெரிதிலிருந்து சிறிதாக இறங்குகிற எழுத்துகள், இரண்டாயிரம் ஊதாப் பூக்களுக்கு நடுவே, ஏதோ விழா மேடையில் பேச வந்தவை போலத் தெரிந்தன. கடைசி இரண்டு வரிகளை இலை மறைத்துவிட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் அதை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"கண் பாக்கணும் சார்."

ஒல்லியான ஓர் அம்மாள். விரல் நுனிகளில் பசை காய்ந்த தழும்பு. அதைப் பார்த்ததுமே அவர் இலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நான் மருந்துக்கடை மாடியில வகுப்பு நடத்தறேன். பூ டீச்சர்னு சொல்வாங்க."

மாதக்கணக்காகத் தினமும் காலையில் திட்டின ஆளை, எதிரே வந்து நின்றதும், "வாங்க வாங்க, உக்காருங்க" என்றுதான் வரவேற்க முடிந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, விளக்கை அணைத்தார். அணைத்தால் வளைவு தெரியாது என்று ஒரு நப்பாசை. பலகையின் விளக்கு மட்டும் எரிந்தது. ஊதா முழுக்க அதில் ஜொலித்தது.

"என்ன தெரியுது?"

"பூ."

"இல்ல, எழுத்து..."

"எழுத்தும் தெரியுது. ஆனா பூதான் நிறைய."

"அது வந்து..." கண்ணாடிக்கடைக்காரர் அசடு வழிந்தார். "ஒரு வாடிக்கையாளர் வெச்சுட்டுப் போயிருக்காரு. எடுத்துட்டுப் போயிடுவாரு."

"தெரியும் சார்." பூ டீச்சர் சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும், அதான் வந்தேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. மேல் வகுப்புக்கு மேல் இன்னொரு வகுப்பு. வாரத்தில் ஏழு நாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த எரிச்சல் மொத்தமாக வெளியே வந்தது.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த வகுப்புன்னா வேண்டவே வேண்டாம்."

"அடுத்த வகுப்பா? இருக்கற வகுப்பையே அவங்க விட்டுடணும்னுதான் நான் வந்தேன்."

"விட்டுடணுமா?" கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். விளக்கைப் போட்டார். "நிஜமாவா? அவகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்!"

"சொல்லாம இருப்பேனா? பத்து தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாங்க. நேத்து வகுப்புல உக்காந்து அழுதாங்க. நீங்க மனசு வெச்சாத்தான் ஆகும்."

"நானா? நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, இப்பவே செய்யறேன்."

பூ டீச்சர் கைகூப்பினாள்.

"உங்க வீட்டுக்காரம்மா மூணு மாசத்துக்கு முன்னாடியே, பூவைப் பாத்தாலே எரிச்சலா வருது, நின்னுக்கறேன்னு வந்தவங்க, அந்த வாரம்தான் நீங்க இல்லாத நேரம் வீட்டுல இருந்த மாத்துச் சாவியில கடையைத் திறந்து, நீங்க ஆள் வெச்சு வாங்கி உள்ள ஒளிச்சு வெச்சு ரசிக்கறதைப் பாத்துட்டு, 'மனுஷன் இவ்வளவு ஆசைப்படறாரே'ன்னு அன்னையிலருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு செஞ்சுக்கிட்டிருக்காங்க... தயவுசெஞ்சு உங்க பூப் பைத்தியத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்!"